தரங்கம்பாடிக்கு ஒரு நாள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "ஒரே நாளில் போய் வருகிற மாதிரி ஊர் வேண்டுமென்றால் தரங்கம்பாடிக்குப் போங்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள் குவிந்துவிட்டன. சரி, இந்த முறை வேறெதுவும் இல்லை, தரங்கம்பாடி மட்டும்தான்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காரில் கிளம்பலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், எழுபதைத் தாண்டிய மாமியார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். காலையில் திருக்கடையூர், அப்புறம் பூம்புகார், அப்படியே தரங்கம்பாடியை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட முடியுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும். ஆனால் அன்றைக்கு நீங்கள் அதிகமாகப் பார்த்திருப்பது காரின் உள்பக்கமாகத்தான் இருக்கும்.

பூம்புகாரை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. திருக்கடையூர் வழியில்தான் இருக்கிறது. மாமியாருக்கு அபிராமியைத் தரிசிக்க ஆசை இருக்குமே, காலையில் அதை முடித்துவிடுங்கள். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று அங்கே கூட்டத்துக்குக் குறைவே இருக்காது, முகூர்த்த நாளாக இருந்துவிட்டால் வண்டி நிறுத்தவே இடம் தேட வேண்டியிருக்கும், அதனால் எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. அங்கிருந்து தரங்கம்பாடி கொஞ்ச தூரம்தான். மிச்ச நாள் முழுக்க அந்த ஊருக்கே.

எல்லோரும் செய்கிற தவறு, காரை நேராகக் கோட்டை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது. கோட்டையைப் பார்ப்பார்கள், கடலோரம் நின்று படம் எடுப்பார்கள், சுண்டல் வாங்குவார்கள், திரும்பிவிடுவார்கள். நீங்கள் ஊர் நுழைவாயிலிலேயே இறங்கிவிடுங்கள். வெள்ளையடித்த, கனமான அந்த வாயிலில் 1792 என்று வருடம் பொறித்திருக்கும். டேனிஷ்காரர்கள் காலத்தில் ஊரைச் சுற்றி மதில் இருந்தது, நிலத்துப் பக்கமிருந்து ஊருக்குள் வர இதுதான் வழி. மதில் போய்விட்டது, வாசல் மட்டும் நிற்கிறது. இன்றைக்கும் பைக்கும் ஆட்டோவும் அதற்குள் புகுந்துதான் ஊருக்குள் போகின்றன.

அதைத் தாண்டினால் ராஜ வீதி. கடலை நோக்கி நேராகப் போகும் தெரு, நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரம்தான். ஆனால் அங்கே அவசரமாக நடக்க முடியாது. சீயோன் ஆலயம், புதிய எருசலேம் ஆலயம், பெரிய தூண் வைத்த திண்ணை வீடுகள், பள்ளிக்கூடம் என்று இரண்டு பக்கமும் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள்: எந்தெந்தக் கட்டடத்தில் வருடம் எழுதியிருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். போனை நோண்டாமல் வருவார்கள். மாமியார் நடக்க வேண்டாம், தெருக்கோடியில் கோட்டைக்கு முன்னால் இருக்கிற மைதானம் வரைக்கும் வண்டி போகும், அவர் அங்கே நிழலில் உட்கார்ந்திருக்கட்டும்.

வெயில் ஏறிவிட்டால் தெருவில் நடக்க முடியாது, அதனால் முதலில் தெரு, அப்புறம் சாப்பாடு, பிற்பகலில் கோட்டை. கோட்டைக்குள் சுவர் கனமானது, உச்சி வெயிலிலும் உள்ளே தாங்கும். கோயிலும் கடற்கரையும் சாயங்காலத்துக்கு.

கேள்வி: டென்மார்க் எங்கே, தரங்கம்பாடி எங்கே? வெள்ளைக்காரன், பிரெஞ்சுக்காரன் வந்தான் என்று படித்திருக்கிறோம். இந்த டேனிஷ்காரன் எதற்கு இந்த ஊரைத் தேடி வந்தான்?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தம்பி, அவன் இந்த ஊரைத் தேடி வரவே இல்லை. கதையில் சுவாரசியமே அதுதான்.

டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்டியன் 1616இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினான். டச்சுக்காரன் மிளகில் சம்பாதிக்கிறான், நாமும் சம்பாதிப்போம் என்ற கணக்கு. 1618இல் ஓவே யெத்தே என்ற பிரபுவின் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. போக நினைத்தது இலங்கைக்கு. கண்டி அரசனோடு கூட்டு வைத்துக்கொண்டு அங்கே ஒரு வியாபாரத் தளம் போடுவது திட்டம். அவர்கள் 1620இல் போய்ச் சேர்ந்தபோது கண்டியில் நிலைமை மாறியிருந்தது, பேச்சுவார்த்தை ஒன்றும் கூடி வரவில்லை.

இதற்கிடையில் முன்னாலேயே வந்துவிட்ட ஒரு கப்பலைக் காரைக்காலுக்குப் பக்கத்தில் போர்த்துகீசியர்கள் தாக்கி அழித்துவிட்டார்கள். அதிலிருந்த ரோலண்ட் கிராப்பே என்ற வியாபாரியும் இன்னும் சிலரும் தப்பிக் கரையேறித் தஞ்சாவூர் நாயக்கர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது அரசர் ரகுநாத நாயக்கர். நாகப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு போர்த்துகீசியர்கள் கடல் வியாபாரத்தைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள், அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு வியாபாரி வந்தால் நாயக்கருக்கு லாபம்தானே. கப்பலை இழந்து வந்த கிராப்பேயிடம் அவர் பேசினார், கிராப்பே அவரைத் தன் ஆட்களோடு சேர்த்துவைத்தான். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது: கோட்டை கட்டிக்கொள்ளலாம், மிளகு வியாபாரம் செய்யலாம், வருடா வருடம் குத்தகை கட்ட வேண்டும். நாயக்கர் டென்மார்க் அரசனுக்குத் தங்கத் தகட்டில் ஒரு கடிதமும் அனுப்பினார், அது இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

"வெள்ளைக்காரன் வந்து பிடித்தான்" என்று நாம் எல்லா இடத்துக்கும் ஒரே வாய்ப்பாடு சொல்கிறோமே, தரங்கம்பாடிக்கு அது பொருந்தாது. இங்கே இடத்தைக் கொடுத்தவர் தன் கணக்குப் போட்டுக் கொடுத்தார், வந்தவன் குடியானவன் மாதிரி குத்தகை கட்டினான்.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் வேடிக்கை. ஐரோப்பாவில் டென்மார்க் சண்டைகளில் சிக்கிப் பணமில்லாமல் போனது. 1639க்குப் பிறகு கிட்டத்தட்ட 30 வருடம் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை! கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போக, கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் என்ற ஒரு சாதாரணச் சிப்பாய் மட்டும் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். குத்தகை பாக்கிக்காகத் தஞ்சாவூர்ப் படை வந்தபோது ஊரைச் சுற்றி மதில் எழுப்பியதும் அவன்தான். 1669இல் ஒருவழியாகக் கப்பல் வந்தது. அவனையே ஆளுநராக்கினார்கள். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன அந்த வாசலைப் பார்க்கும்போது இந்த ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் அவனுக்கு நூறு வருடத்துக்கும் மேல் பிந்தியது, ஆனால் மதில் என்ற ஏற்பாடே அவனில் தொடங்கியது.

கேள்வி: கோட்டைக்குப் போனோம் சார். காலி அறைகள், ரெண்டு பீரங்கி, கொஞ்சம் உடைந்த பீங்கான். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதற்கா இவ்வளவு தூரம் என்று என் மனைவி கேட்டார், என்னிடம் பதில் இல்லை.
— ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் வீட்டம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. திருமலை நாயக்கர் மகால் தூண்களைத் தினமும் தாண்டிப் போகிறவருக்கு டான்ஸ்போர்க் கோட்டை பிரமாண்டமாகத் தெரிய வாய்ப்பே இல்லை. அது அரண்மனை கிடையாது, மேலே குடியிருந்துகொண்டு கீழே சரக்கு வைத்த வியாபாரிகளின் கிடங்கு. அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் அது பேசும்.

கீழ்த்தளத்தில் மிளகு மூட்டை, சாராயப் பீப்பாய், வெடிமருந்து, சமையல், சிறை எல்லாம். மேல்தளத்தில் ஆளுநர், பாதிரியார், பெரிய வியாபாரிகள். சீயோன் ஆலயம் கட்டுகிற வரைக்கும் பூசையும் இதற்குள்ளேதான். மேலே ஏறினால் முதுகு முதுகாக வளைந்த கூரை தெரியும் பாருங்கள், கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த வளைவு எப்படிச் சுமையை இரண்டு பக்கச் சுவருக்கும் தள்ளுகிறது என்பதும் தெரியும்.

அருங்காட்சியகத்தில் அவசரப்படாதீர்கள். சீனத்துத் தேயிலை ஜாடிகள் இருக்கின்றன. தரங்கம்பாடியில் சீன ஜாடி எப்படி என்று உங்கள் மனைவி கேட்டால் பதில் ரெடி: டேனிஷ் கம்பெனியின் பெரிய வருமானமே 18ஆம் நூற்றாண்டில் சீனத் தேயிலையில்தான் வந்தது. வாள், ஈட்டி, சின்னச் சின்ன பீரங்கிக் குண்டுகள், ஒரு திமிங்கிலத்தின் எலும்பு, சுதைப் பொம்மைகள் என்று கலந்துகட்டி வைத்திருப்பார்கள். காட்சிக்கு வைத்த முறை எனக்கும் பிடிக்காது, எழுதிப் போட்டிருப்பதும் போதாது. ஆனால் பொருள்கள் நல்ல பொருள்கள்.

இன்னொன்று. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவை 1708 இறுதியில் டேனிஷ் ஆளுநரே பிடித்து நான்கு மாதம் அடைத்துவைத்தது இந்தக் கோட்டையில்தான். அரசன் அனுப்பிய பாதிரியாரை அரசனின் ஆளுநரே ஜெயிலில் போட்டான்! வியாபாரத்துக்கு வந்தவனுக்கும் மதத்துக்கு வந்தவனுக்கும் ஒத்துப்போகவே இல்லை.

1845இல் பிரிட்டிஷ்காரர்கள் கைக்கு வந்த பிறகு பயணியர் விடுதியாக இருந்து, 1978இல்தான் தமிழ்நாடு தொல்லியல் துறையிடம் வந்தது. அறைகள் காலியாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: இந்தியாவின் முதல் அச்சகம் தரங்கம்பாடியில்தான் என்று எங்கள் ஊர் வழிகாட்டி ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

பதில்: இல்லை ஐயா. கோவாவில் 1556லேயே அச்சு இயந்திரம் வந்துவிட்டது. தமிழ் எழுத்தில் அச்சான புத்தகம் என்று பார்த்தாலும் 1578இல் கொல்லத்தில் என்றிக்கு என்றீக்கசு பாதிரியார் போட்டது முந்தியது. ஆனால் அந்த முயற்சிகள் தொடரவில்லை, இடையில் நூறு வருடத்துக்கு மேல் தமிழ் அச்சு பெரும்பாலும் படுத்துவிட்டது. அதைத் திரும்ப எழுப்பி, விடாமல் நடத்தியது தரங்கம்பாடி. முதல் என்ற பட்டம் இல்லாமலே இந்த ஊருக்குப் பெருமை போதும், எதற்கு இல்லாததைச் சொல்ல வேண்டும்?

சீகன்பால்கு 1706 ஜூலை 9ஆம் தேதி இங்கே கரையிறங்கியபோது அவருக்கு இருபத்துநான்கு வயதுகூட நிரம்பவில்லை. தமிழில் ஒரு எழுத்து தெரியாது. உள்ளூர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். கொஞ்ச வருடத்தில் ஓலைச்சுவடிகளாகச் சேர்த்து அட்டவணை போடுகிற அளவுக்கு வந்துவிட்டார். 1712இல் இங்கிலாந்திலிருந்து ஓர் அச்சு இயந்திரம் வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள்.

இங்கேதான் சிக்கல். வந்த எழுத்துகள் ரொம்பப் பெரியவை. அதை வைத்து ஒரு பெரிய புத்தகம் அடித்தால் கையிருப்புக் காகிதம் பாதியிலேயே தீர்ந்துவிடும். சரி, சின்னதாக நாமே வார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள், வார்க்க ஈயம் வேண்டுமே? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அனுப்பியிருந்தார்கள், அந்தப் பெட்டிகளின் மூடி ஈயம். அதை உருக்கித் தமிழ் எழுத்து வார்த்தார்கள். அந்தச் சின்ன எழுத்தில்தான் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது.

காகிதத் தட்டுப்பாடு தீரவில்லை, அதனால் பக்கத்தில் பொறையாறில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். பொறையாறில் கடுதாசிப்பட்டறை என்று ஓர் இடத்தின் பெயர் இன்னமும் வழங்குகிறது. அங்கே போய்ப் பார்க்கக் கட்டடம் ஒன்றும் இல்லை, பெயர் மட்டும்தான், அதையும் உங்கள் வழிகாட்டியிடம் சொல்லிவைக்கவும்.

சீகன்பால்கு எழுதியதில் முக்கியமான ஒன்று நம்முடைய தெய்வங்களைப் பற்றியது, ஊர் ஊராகக் கேட்டும் ஓலைகளைப் படித்தும் தொகுத்தது. அதை ஹாலேவுக்கு அனுப்பினார். உன்னை அங்கே விக்கிரக ஆராதனையை ஒழிக்க அனுப்பினோமா, அதை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பினோமா என்கிற ரீதியில் அங்கிருந்தவர்கள் எரிச்சலாகி ஓரமாக வைத்துவிட்டார்கள். அச்சில் வந்தது 1867இல். அவர் 1719இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், முப்பத்தாறு வயதில்.

அவரைப் புதைத்த இடம் புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே, பலிபீடத்துக்கு முன்னால் இருக்கிறது. 1718 என்ற வருடமும் டேனிஷ் அரசன் நான்காம் ஃபிரடெரிக்கின் கிரீடச் சின்னமும் முகப்பில் தெரியும். அதே தெருவில் சில எட்டு தூரத்தில் 1701இல் கட்டிய சீயோன் ஆலயம். அது கம்பெனி ஐரோப்பியர்களுக்கு, இது தமிழர்களுக்கு. இரண்டு ஆலயம் ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் மழுப்பாதீர்கள். தமிழ்ச் சபைக்குள்ளேயும் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்த காலம் உண்டு. அந்தச் சபையிலிருந்துதான் 1733இல் ஆரோன் என்ற தமிழர் போதகராக அபிஷேகம் பெற்றார்.

கேள்வி: உலகத்திலேயே ஓசோன் காற்று அதிகமாக வீசுகிற கடற்கரைகளில் தரங்கம்பாடியும் ஒன்றாமே! ஆஸ்துமாவுக்கு நல்லதாமே! அப்பாவை அழைத்துப் போகலாமா?
— ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: அப்பாவைத் தாராளமாக அழைத்துப் போங்கள், ஓசோனுக்காகப் போகாதீர்கள். ஓசோன் நமக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் நல்லது, மூக்குக்குப் பக்கத்தில் இருந்தால் நுரையீரலுக்கு எரிச்சல். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கடற்காற்று வாசனையை ஓசோன் என்று நம்பி, கடலோர ஊர்களுக்கு அதை வைத்தே விளம்பரம் செய்தார்கள். அந்த நம்பிக்கை இன்னும் நம்மூர் வாட்ஸ்அப்பில் உயிரோடு இருக்கிறது. கடல் வாசனை என்று நாம் சொல்வது பெரும்பாலும் கடலிலுள்ள நுண்ணுயிர்கள் வெளிவிடும் கந்தகம் கலந்த வாயு. தூசியும் புகையும் குறைந்த காற்று, அப்பாவுக்கு மூச்சு இலகுவாக இருக்கலாம். இன்ஹேலரை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக்காரன் விட்டுப்போன கட்டடத்தை நாம் ஏன் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும்? டென்மார்க்காரனே வந்து சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போகட்டும்.
— ஒரு வாசகர், சேலம்

பதில்: அடித்தார்கள் ஐயா. 2000க்குப் பிறகு நடந்த பழுதுபார்ப்பில் டென்மார்க்கிலிருந்து ஆர்வலர்களும் பணமும் வரத்தான் செய்தது.

உங்கள் கோபத்தில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். டேனிஷ்காரர்கள் நல்லவர்கள், ஆங்கிலேயர்கள்தான் கெட்டவர்கள் என்று ஒரு பேச்சு தரங்கம்பாடியைச் சுற்றி ஓடுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்தும் மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பெரிய அளவில் நாடு பிடிக்காததற்குக் காரணம் அவர்களிடம் அதற்கான ஆளும் காசும் இல்லாததுதான். ராஜ வீதியின் அந்த அழகான தூண் வீடுகளுக்கும் ஒரு பின்கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அடித்துக்கொண்டபோது டென்மார்க் நடுநிலை. எந்தக் கொடிக்கும் கடலில் பாதுகாப்பு இல்லாத நேரத்தில் டேனிஷ் கொடி பறந்த கப்பலுக்குத் தடையில்லை, அதனால் எல்லோர் சரக்கும் இவர்கள் கப்பலில் ஏறியது. ஆங்கிலக் கம்பெனி அதிகாரிகள் இங்கே முறைகேடாகச் சேர்த்த பணத்தைத் தங்கள் முதலாளிகளுக்குத் தெரியாமல் ஊருக்கு அனுப்பவும் டேனிஷ் வியாபாரம் வழியாக இருந்தது. கறுப்புப் பணத்தை வெளுக்கிற தொழில் நமக்குப் புதிதில்லை.

அந்த நடுநிலை போனதும் ஊரும் போனது. டென்மார்க் இங்கிலாந்தோடு மோதியதால் 1808இலிருந்து 1815 வரை ஆங்கிலேயர் வசம் இருந்தது, திரும்பக் கிடைத்தபோது வியாபாரம் இல்லை. 1845இல் வங்காளத்தின் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். கொஞ்ச காலம் தஞ்சாவூர் கலெக்டர் கச்சேரி இங்கேயே இருந்தது, 1860இல் அதையும் மாற்றினார்கள். நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, இந்தத் துறைமுகத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பணம் வந்திருந்தால் பழைய வீடுகளை எல்லாம் இடித்து மாடி கட்டியிருப்போம். ஏழ்மைதான் இந்தத் தெருவைக் காப்பாற்றியது.

நீங்கள் காசு கொடுத்துப் பார்ப்பது இதைத்தான். கட்டியவன் யாராக இருந்தால் என்ன, சுண்ணாம்பு குழைத்தவரும் செங்கல் சுமந்தவரும் நம்ம ஊர்க்காரர்கள். தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்ததும் இதே ஊரில். டேனிஷ்காரர் வருவதற்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்பே இங்கே பாண்டியர் கோயில் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்தப் பாண்டியர் கோயிலைக் கடல் தின்றுவிட்டது என்று தாத்தா சொல்வார். கோட்டையும் போய்விடுமா?
— ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: தாத்தா சொன்னது சரி. மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்தது. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் வருகிறது. கட்டும்போது கடல் எட்ட இருந்திருக்க வேண்டும், அலை அடிக்கிற இடத்தில் யாரும் கருவறை வைக்க மாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரை அரித்து, முன்பக்க மண்டபங்கள் எல்லாம் கடலுக்குள் போயின. பல வருடம் உடைந்த கல்லும் அலையுமாகக் கிடந்ததைப் பிறகு எடுத்துக் கட்டிக் கும்பாபிஷேகம் செய்தார்கள். பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குப் புது வண்ணம் கொஞ்சம் உறுத்தும். ஆனால் விளக்கேற்றிக் கும்பிடுகிற கோயில் அது, நம் புகைப்பட ஆசைக்காக இடிந்தே கிடக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? பின்பக்கம் போய் அடித்தளத்துக் கல்லை மட்டும் கவனியுங்கள். உப்புக்காற்றில் கல்லின் மேல்தோல் பொரிந்து, எழுத்துகள் இருந்த இடம் தடவினால்தான் தெரிகிற அளவுக்கு மழுங்கியிருக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த ஊர் மீனவர் குடியிருப்பு பட்ட பாடு காரைக்கால்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரையோரம் பாறாங்கல் கொட்டித் தடுப்புப் போட்டிருக்கிறார்கள். கோட்டையும் கோயிலும் இப்போதைக்கு அதன் தயவில் நிற்கின்றன. கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றால் பக்கத்து இடத்தில் கூடும், மணலின் போக்கு அப்படி. அதனால் "போய்விடுமா" என்பதற்கு, கவனிக்காமல் விட்டால் போகும் என்பதுதான் பதில்.

கேள்வி: கார் இல்லை. தனி ஆள், பெண். பஸ்ஸில் போய் வர முடியுமா?
— ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: முடியும், நன்றாகவே முடியும். ரயிலிலோ பஸ்ஸிலோ மயிலாடுதுறை வந்துவிடுங்கள், அங்கிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பொறையாறு பஸ். சிதம்பரத்திலிருந்து சீர்காழி வழியாகக் காரைக்கால், நாகப்பட்டினம் போகிற பஸ்ஸும் இந்தப் பக்கம் வரும். தரங்கம்பாடி நிறுத்தத்தில் இறங்கி வாசல் வரைக்கும் நடந்துவிடலாம். மயிலாடுதுறையிலிருந்து இங்கே ஒரு காலத்தில் ரயிலே ஓடியது, 1980களில் நிறுத்திவிட்டார்கள், திரும்ப விடச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை வேண்டாம். அரசு அருங்காட்சியகங்களுக்கு அன்றைக்குத்தான் வழக்கமாக விடுமுறை. வார நாளில் தெரு அமைதியாக இருக்கும், ஆலயம் பூட்டியிருந்தால் பக்கத்தில் கேட்டால் திறந்துவிடுவார்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் மட்டும் கேமராவோடு உள்ளே போகாதீர்கள். ராஜ வீதி வீடுகளில் பலவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். திண்ணை அழகாக இருக்கிறதே என்று ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள். சாயங்காலம் கூட்டம் இருக்கும்போதே கடற்கரையிலிருந்து கிளம்பி மெயின்ரோட்டுக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: சாப்பாடு?
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: உங்கள் சுருக்கம் பிடித்திருக்கிறது. கோட்டையைச் சுற்றி நொறுக்குத்தீனிக் கடைகள்தான் அதிகம். கடலைப் பார்த்த பழைய கலெக்டர் பங்களா இப்போது ஓட்டல், பர்ஸ் கனமாக இருந்தால் அங்கே. இல்லையென்றால் ஆட்டோ பிடித்துப் பொறையாறு போய்விடுங்கள், மதியம் இலைச் சாப்பாடு கிடைக்கும், மீன் குழம்பு இருக்கிறதா என்று உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் ரசம்தான் மிஞ்சும்.

கேள்வி: பிள்ளைகளைக் கடலில் குளிக்க விடலாமா?
— ஒரு வாசகர், பெரம்பலூர்

பதில்: வேண்டாம். கல் கொட்டிய கரை, பாசி பிடித்து வழுக்கும், தண்ணீருக்குள் இடிபாட்டுக் கற்களும் கிடக்கும், கால் வைத்த பிறகுதான் தெரியும். மணல் இருக்கிற பக்கமாகப் போய் முழங்காலுக்குக் கீழே நனைத்துக்கொள்ளட்டும், அதுவும் நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது. மாற்றுத்துணி ஒரு செட் எடுத்துப் போங்கள். கால் மட்டும்தான் நனைப்பேன் என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் நம்பாதீர்கள்.